ஒரு பலகைக்கு எத்தனை பேர்? ஏசி டக்ட், கஸ்டம்ஸ் கோடு, தீ வகுப்பு

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு பலகையைப் பத்தித்தான். கேக்கவே போர் அடிக்கிற மாதிரி இருக்குல்ல? பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க. இந்தப் பலகைக்குப் பின்னாடி பல ஆயிரம் யூரோ வரி இருக்கு, மனுஷ உயிரும் இருக்கு.

மால், மல்டிபிளெக்ஸ், ஐ.டி. ஆபீஸ், எங்க போனாலும் தலைக்கு மேல ஏசி காத்தைக் கொண்டுபோற டக்ட் ஓடுது. ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள மறைஞ்சிருக்கும், இல்லேன்னா ஸ்டைலுக்காக அப்படியே தெரியுற மாதிரி விட்டிருப்பாங்க. ரொம்ப காலமா இதை ஜி.ஐ. ஷீட்லதான், அதாவது துத்தநாகம் பூசின இரும்புத் தகட்டுலதான் செய்யுறாங்க. தகட்டை மடிச்சு பெட்டி மாதிரி ஆக்கி, அப்புறம் அதுக்கு மேல கிளாஸ் வூலோ ரப்பர் ஷீட்டோ சுத்துவாங்க. உள்ள போற குளிர்ந்த காத்து வழியில சூடாகக் கூடாது, வெளிய வேர்த்து சொட்டக் கூடாது, அதுக்காக.

இன்னொரு வழியும் இருக்கு. இன்சுலேஷனையே டக்ட்டா மாத்திடுறது. நடுவுல கெட்டியான பிளாஸ்டிக் நுரை, ரெண்டு பக்கமும் அலுமினியம் ஃபாயில். நான் மனசுல வெச்சிருக்கிற பலகை 20 மில்லிமீட்டர் தடிமன், நாலு மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், ஒவ்வொரு பக்கமும் 80 மைக்ரான் ஃபாயில். சந்தையில ரொம்ப சாதாரணமா கிடைக்கிற அளவு இது. நுரை பாலிஐசோசயனுரேட். சுருக்கமா பி.ஐ.ஆர்.னு சொல்வாங்க. இதுக்குப் பதிலா ஃபீனாலிக் நுரை போட்ட பலகையும் உண்டு.

இதை டக்ட் ஆக்குற விதம் அழகா இருக்கும். பலகையைத் தரையில விரிச்சு, சின்ன ரம்பம் மாதிரி ஒரு கைக்கருவியால 45 டிகிரியில வி வடிவமா கோடு வெட்டுவாங்க. கீழ் பக்க ஃபாயில் மட்டும் அறுபடாம நிக்கும். வெட்டுல பசை தடவி, அட்டைப் பெட்டியை மடிக்கிற மாதிரி மடிச்சா, நாலு பக்கமும் மூடின குழாய் ரெடி. மூலைக்கு அலுமினியம் டேப். வேலை முடிஞ்சுது.

எடைக் கணக்கைப் பாருங்க. இந்தப் பலகை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1.4 கிலோதான். 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ, அதுவும் இன்சுலேஷன் சுத்துறதுக்கு முன்னாடி. ரெண்டு பேர் சேர்ந்து ஏணியில நின்னு தூக்கி மாட்டுற வேலைக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு சைட்ல வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும்.

சரி, இப்போ நம்ம கதை. இந்தப் பலகை ஐரோப்பாவுக்கு வெளிய எங்கயோ தயாராகி, ஒரு கண்டெய்னர்ல ராட்டர்டாம் துறைமுகத்துல வந்து இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. கஸ்டம்ஸ்ல ஒரு பத்திரம் நிரப்பணும். அதுல ஒரு கட்டம்: சரக்கின் கோடு. அங்க என்ன எண் எழுதுறது? இது பிளாஸ்டிக்கா, அலுமினியமா, கட்டடப் பொருளா, ஏசி மெஷினோட பாகமா?

*

உலகத்துல வியாபாரமாகுற எல்லாப் பொருளுக்கும் ஒரு எண் இருக்கு. ஹார்மனைஸ்டு சிஸ்டம்னு பேரு, நம்ம ஊர் வியாபாரிங்க ஹெச்.எஸ். கோடுன்னு சொல்வாங்க. பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற உலக சுங்க அமைப்பு இதைப் பராமரிக்குது. 1988 ஜனவரி 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. 21 பகுதிகள், 97-ன்னு எண் போட்ட அத்தியாயங்கள், அதுல 77-ஆம் அத்தியாயம் மட்டும் எதிர்காலத்துக்குன்னு காலியா கிடக்கு. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதுக்கு மேல ஐரோப்பா ரெண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்கும், இந்தியாவும் எட்டு, அமெரிக்கா பத்து.

வரி அதிகாரிங்க மட்டும் படிக்கிற புத்தகம்னு நினைச்சுடாதீங்க. 2003-ல அமெரிக்காவோட சர்வதேச வர்த்தக நீதிமன்றம் எக்ஸ்-மென் பொம்மைங்க மனுஷங்களா இல்லையான்னு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சு. காரணம் இதே மாதிரி ஒரு பட்டியல்தான். மனுஷ உருவம்னா 'டால்', வரி 12 சதவீதம். மனுஷன் இல்லாத உருவம்னா வெறும் 'டாய்', 6.8 சதவீதம். நீதிமன்றம் மனுஷங்க இல்லைன்னு சொல்லிடுச்சு. ரசிகர்களுக்கு ஏமாற்றம், கம்பெனிக்குக் கொண்டாட்டம்.

இந்த எண்ணைத் தேடிப் பிடிக்க ஆறு பொது விதிகள் இருக்கு. வரிசையா போகணும், தாண்டிக் குதிக்கக் கூடாது. முதல் விதிதான் ராஜா: தலைப்போட வாசகத்தையும் அந்தந்தப் பகுதிக்கும் அத்தியாயத்துக்கும் எழுதி வெச்சிருக்கிற குறிப்புகளையும் படி, அதுலயே பதில் கிடைச்சா அங்கயே நின்னுடு. பொருளை விக்கிறவர் அதுக்கு என்ன பேர் வெச்சிருக்கார், விளம்பரத்துல என்ன போட்டிருக்கார்ங்கறது பதிலைத் தீர்மானிக்காது.

அப்போ ஒவ்வொரு கதவா தட்டிப் பார்ப்போம்.

முதல்ல மனசுல வர்றது 8415, ஏர் கண்டிஷனர். அதுல பாகங்களுக்குன்னு ஒரு துணைத் தலைப்பு இருக்கு. டக்ட் ஏசியோடதானே சேருது, அப்போ இது ஏசி பாகம்தானேன்னு தோணும். இறக்குமதி பண்றவருக்கும் இதுதான் ஆசை, ஏன்னா ஐரோப்பாவுல இதுக்கு வரி 2.7 சதவீதம்தான். ஆனா இங்க நிக்குறது கஷ்டம். ஒரு மெஷினோட பாகம்னு சொல்லணும்னா, அது அந்த மெஷினுக்கு மட்டுமோ, முக்கியமா அதுக்குன்னோ உருவானதா இருக்கணும். நம்ம கையில இருக்கிறது தட்டையான ஒரு பலகை. எந்த மெஷினுக்குன்னும் அதுல எழுதியில்லை. ஏசியே இல்லாம வெறும் ஃபேன் வெச்சு காத்து தள்ளுற கட்டடத்துலயும் இதே பலகை போகும்.

அடுத்த யோசனை: இது கழட்டி வெச்ச டக்ட்னு சொல்லலாமா? இது முட்டாள்தனமான கேள்வி இல்லை. இரண்டாம் விதி, முழுசா முடியாத பொருளையும் தனித்தனியா பிரிச்சு அனுப்புற பொருளையும் முழுப் பொருளாவே எடுத்துக்கச் சொல்லுது. சைக்கிளைக் கழட்டி டப்பால அனுப்பினாலும் அது சைக்கிள்தான். ஆனா அந்த விதிக்கு ஒரு விளக்கம் உண்டு: திருகு, நட்டு, ரிவெட், வெல்டிங்னு சேர்க்குற வேலை எவ்வளவு வேணா இருக்கலாம், ஆனா பாகங்களை முழு வடிவத்துக்குக் கொண்டுவர மேற்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கக் கூடாது. நம்ம பலகையை அளந்து, வெட்டி, வி போட்டு, மடிக்கணும். எந்த அளவு டக்ட் ஆகப் போகுதுன்னு பலகைக்கே தெரியாது. அதனால இந்தக் கதவும் மூடிடுச்சு. துணி துணிதான், சட்டை ஆகலை.

மூணாவது 3925, பிளாஸ்டிக்கில் செஞ்ச கட்டடச் சாமான்கள். பேரைப் பார்த்தா பொருத்தமா இருக்கு. ஆனா 39-ஆம் அத்தியாயத்தோட 11-ஆம் குறிப்பு இந்தத் தலைப்புக்குள்ள என்னென்ன வரலாம்னு ஒரு பட்டியலே போட்டு வெச்சிருக்கு: 300 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி, தரை சுவர் கூரைக்கான கட்டமைப்பு உறுப்புகள், மழைநீர்க் குழாய், கதவு, ஜன்னல், இப்படி. காத்து டக்ட்டுக்கான பலகை அந்தப் பட்டியல்ல எங்கயும் இயல்பா உக்காரலை.

மிச்சம் இருக்கிறது பொருளை வெச்சுப் பிரிக்கிற ரெண்டு தலைப்பு. இங்கதான் உண்மையான சண்டை.

ஒண்ணு 3921, பிளாஸ்டிக் தகடு, ஷீட், ஃபிலிம் வகை. இன்னொண்ணு 7607, அலுமினியம் ஃபாயில். ரெண்டாவதோட வாசகம் நம்மளைக் கொஞ்சம் பயமுறுத்தும். 0.2 மில்லிமீட்டருக்கு மேல போகாத ஃபாயில், பின்னாடி காகிதமோ அட்டையோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருந்தாலும் சரி, அந்த ஒட்டினதோட தடிமனைச் சேர்க்காம அளக்கணும்னு சொல்லுது. நம்ம ஃபாயில் 80 மைக்ரான், அதாவது 0.08 மில்லிமீட்டர். பின்னாடி பிளாஸ்டிக் ஒட்டியிருக்கு. எழுத்துக்கு எழுத்து படிச்சா மாட்டிக்குவோம்!

ஆனா 'பின்னாடி ஒட்டினது'ன்னா என்ன அர்த்தம்? என் வாசிப்புல, ஃபாயிலுக்கு உறுதி கொடுக்க ஒட்டுற ஒரு துணைப் பொருள். சாக்லேட் உறையில இருக்கிற காகிதம் மாதிரி. இங்க 20 மில்லிமீட்டர் நுரையோட ரெண்டு பக்கமும் 0.08 மில்லிமீட்டர் தோல் இருக்கு. தோலுக்குப் பின்னாடி உடம்பு ஒட்டியிருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

இருந்தாலும் ரெண்டு தலைப்பும் ஆளுக்கொரு பொருளைத்தான் பேசுது, அதனால ரெண்டும் சம அந்தஸ்துன்னு மூணாம் விதியோட முதல் பிரிவு சொல்லிடும். அடுத்து அதோட இரண்டாம் பிரிவு. கலவைப் பொருள்னா, அதுக்கு எது 'அடிப்படைத் தன்மை' கொடுக்குதோ அதை வெச்சு முடிவு பண்ணு. அதைக் கண்டுபிடிக்க பொருளோட இயல்பு, கன அளவு, எண்ணிக்கை, எடை, விலை, பயன்பாட்டுல அதோட பங்கு இதையெல்லாம் பார்க்கலாம்.

கணக்கு போடுவோம். கன அளவுல ஃபாயில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எடையில? ரெண்டு ஃபாயிலும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 430 கிராம், நுரை ஒரு கிலோ சொச்சம். அதாவது மூணுல ரெண்டு பங்குக்கு மேல நுரை. விலையை எடுத்தா, அலுமினியம் விலை ஏறுற வருஷத்துல தராசு ஆடும். பயன்பாடு? இங்கதான் வக்கீல்களுக்கு வேலை. நுரைதான் விறைப்பையும் இன்சுலேஷனையும் கொடுக்குது. ஆனா காத்து கசியாம தடுக்கிறது, நுரைத் தூள் காத்துல கலக்காம பாத்துக்கிறது, ஈரம் உள்ள போகாம நிறுத்துறது எல்லாம் ஃபாயில். ஃபாயில் இல்லாத நுரையை டக்ட்டா யாரும் போட மாட்டாங்க.

என் கருத்தைக் கேட்டா, நுரைதான். இந்தப் பலகையை ஒருத்தர் ஜி.ஐ. ஷீட்டை விட்டுட்டு ஏன் வாங்குறார்? எடை கம்மி, இன்சுலேஷன் உள்ளயே இருக்கு. ரெண்டுமே நுரை தர்றது. அப்போ 3921.

சரி, முடிவே பண்ண முடியலைன்னா? அதுக்கும் ஒரு விதி இருக்கு, அதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மூணாம் விதியோட மூணாம் பிரிவு: போட்டி போடுற தலைப்புகள்ல எண் வரிசைப்படி கடைசியா வர்றதை எடுத்துக்கோ. 3921-க்கும் 7607-க்கும் நடுவுல கடைசி எது? 7607. அதாவது குழம்பினா அலுமினியம் ஜெயிக்கும். அதனாலதான் இறக்குமதி பண்றவர் 'எனக்குத் தெரியலை, நீங்களே சொல்லுங்க'ன்னு விட்டுடக் கூடாது. நுரைதான்னு காட்ட எடை, தடிமன், வெப்பக் கடத்துதிறன் எல்லாம் கையில காகிதமா இருக்கணும்.

ஐரோப்பாவுல இந்த வித்தியாசம் அவ்வளவு பெருசு இல்லை. 3921-க்கு 6.5 சதவீதம், இந்தத் தடிமன்ல பின்னாடி ஒட்டின ஃபாயிலுக்கு 7.5. ஒரு லட்சம் யூரோ சரக்குக்கு ஆயிரம் யூரோ வித்தியாசம். அதே 8415 ஆகியிருந்தா 2,700 யூரோவோட முடிஞ்சிருக்கும். ஆனா இதே பலகையை 2025-ல அமெரிக்காவுல இறக்கியிருந்தா கதையே வேற. 7607 அங்க 2018-லயே பாதுகாப்புக் காரணம் சொல்லி விதிச்ச அலுமினிய வரிக்குள்ள வந்துடுச்சு. அப்போ பத்து சதவீதம். 2025 மார்ச்ல 25 ஆச்சு, ஜூன்ல 50 ஆச்சு. ஒரு லட்சம் டாலர் சரக்குக்கு அம்பதாயிரம். 80 மைக்ரான் ஃபாயில் தோலா, உடம்பாங்கற கேள்விக்கு அம்பதாயிரம் டாலர் விலை.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு இந்த எபிசோடுலயே ரொம்பப் பிடிச்சது. 39-ஆம் அத்தியாயத்தோட 10-ஆம் குறிப்பு, 3921-ல வர்ற 'ஷீட்' எப்படி இருக்கணும்னு சொல்லுது: செவ்வகமா வெட்டலாம், மேல பூ டிசைன் அழுத்தலாம், அச்சடிக்கலாம், ஆனா அதுக்கு மேல வேலை செஞ்சிருக்கக் கூடாது. ஓரத்தைச் சீவினது, ஓட்டை போட்டது, செவ்வகமில்லாத வடிவத்துல வெட்டினதுன்னா அது பொதுவா ஷீட் இல்லை, 'பொருள்' ஆகிடும். அப்போ தொழிற்சாலையிலயே அந்த வி வெட்டைப் போட்டு அனுப்பினா? அதே நுரை, அதே ஃபாயில், அதே கண்டெய்னர். ஆனா 3921 இல்லை. 3926 மாதிரி வேற தலைப்புக்குப் போயிடும். சைட்ல வெட்டினா ஒரு எண், ஃபேக்டரியில வெட்டினா இன்னொரு எண். எல்லா டக்ட் துண்டும் அளவெடுத்து வெட்டி, எண் போட்டு, பசை தடவி மடிச்சா போதும்னு ஒரு செட்டா வந்தா, மூடிட்டோம்னு நினைச்ச 'கழட்டி வெச்ச டக்ட்' கதவைக்கூட யாராவது திரும்பத் தட்டுவாங்க.

நுரை மாறினாலும் எண் மாறும். 3921-க்குள்ள பாலியூரித்தேன் நுரை 3921.13, ஃபீனாலிக் 3921.19. பி.ஐ.ஆர். பாலியூரித்தேனோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. ரெண்டுமே ஐசோசயனேட்ல இருந்து வர்றதுதான், ஆனா பி.ஐ.ஆர்.ல ஐசோசயனேட் தனக்குள்ளயே வளையமா சேர்ந்திருக்கும். அதனால தயாரிப்பாளர்கிட்ட இருந்து வேதியியல் விவரம் வாங்காம இந்தக் கட்டத்தை நிரப்பக் கூடாது. நுரையே இல்லாம கிளாஸ் வூல் டக்ட் போர்டுன்னா 7019.80, கண்ணாடி அத்தியாயம். ராக் வூல் பலகைன்னா 6806.10, கல் அத்தியாயம். ஜி.ஐ. டக்ட் மேல சுத்துற நைட்ரைல் ரப்பர் நுரை ஷீட்டுக்கு 4008. சீலிங்குக்குள்ள எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யுது. கஸ்டம்ஸ் புத்தகத்துல நாலு வேற வேற ஊர்ல குடியிருக்கு.

தப்பா போட்டா என்ன ஆகும்னு கேக்கலாம். ஐரோப்பாவுல சாதாரணமா மூணு வருஷம் வரைக்கும் பின்னோக்கி வந்து பாக்கி வரியைக் கேக்கலாம். பலகை அதுக்குள்ள ஏதோ ஒரு ஹோட்டல் சீலிங்ல ஏறி, பில் போட்டு, லாபம் பிரிச்சு முடிஞ்சிருக்கும். அதனால விவரம் தெரிஞ்சவங்க முன்கூட்டியே எழுதிக் கேட்டு, கட்டுப்படுத்துற ஒரு முடிவை வாங்கி வெச்சுக்குவாங்க. மூணு வருஷம் செல்லும், உறுப்பு நாடுகள் எல்லாமே மதிக்கணும், வாங்கினவரும் அதை மாத்திப் போட முடியாது. இந்தியாவுலயும் முன்கூட்டிய தீர்ப்புக்கு டெல்லியிலயும் மும்பையிலயும் தனி ஆணையம் இருக்கு.

*

இதுவரைக்கும் பணம். இனிமே வேற விஷயம்.

கஸ்டம்ஸ் கோடுல நாலாயிரம் சூட்சுமம் பார்த்தோம். ஆனா அந்த ஆறு இலக்கத்துல ஒரு கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை: இது எரியுமா?

கட்டடத்துல தீப்பிடிச்சா டக்ட் ஒரு நெடுஞ்சாலை. காத்து போற வழியிலதான் புகையும் போகும். 2011 டிசம்பர் 9, கொல்கத்தாவுல ஒரு தனியார் மருத்துவமனை. தீ பிடிச்சது அடித்தளத்துல. இறந்தவங்க சுமார் 90 பேர், பெரும்பாலும் மேல் மாடிகள்ல படுத்திருந்த நோயாளிங்க. நெருப்பு அவங்களைத் தொடலை. ஏசி டக்ட் வழியாவும் மத்த இடுக்குகள் வழியாவும் ஏறின புகைதான் மூச்சை நிறுத்துச்சு. ஜெர்மனியில 1996 ஏப்ரல் 11, டுஸ்ஸல்டார்ஃப் விமான நிலையம். மேல சாலையில வெல்டிங் நடக்குது, பொறி கீழ விழுது, சீலிங்குக்குள்ள இருந்த பாலிஸ்டைரின் இன்சுலேஷன் பலகை பத்திக்குது. 17 பேர் போயிட்டாங்க. சிலர் லிஃப்ட்டுக்குள்ள, சிலர் லவுஞ்சுக்குள்ள, புகையில. சீலிங்குக்குள்ள கண்ணுக்குத் தெரியாம என்ன பலகை இருக்குங்கறது எவ்வளவு முக்கியம்னு இதுக்கு மேல சொல்லத் தேவையில்லை.

அதனால இந்தப் பலகைக்கு இன்னொரு வகைப்பாடு இருக்கு. ஐரோப்பாவுல ஈ.என். 13501-1ன்னு ஒரு தரநிலை. ஏ1, ஏ2, பி, சி, டி, ஈ, எஃப்னு ஏழு வகுப்பு. கூடவே புகைக்கு எஸ்1 முதல் எஸ்3 வரை, எரியுற சொட்டு விழுமான்னு டி0 முதல் டி2 வரை. பலகையோட டேட்டா ஷீட்ல 'பி-எஸ்2,டி0'ன்னு பார்த்திருப்பீங்க. பி வகுப்பு, புகை நடுத்தரம், எரியுற சொட்டு கிடையாது.

இந்த ஒரே அளவுகோல் 2000-க்கு அப்புறம் வந்ததுதான். அதுக்கு முன்னாடி பிரான்ஸுக்கு எம்0 முதல் எம்4, ஜெர்மனிக்கு தனி வகுப்பு, பிரிட்டனுக்கு 'கிளாஸ் ஜீரோ'ன்னு ஆளாளுக்கு ஒரு தராசு. 1960-களோட கடைசியில ஹார்வர்ட் பேராசிரியர் ஹோவர்ட் எம்மன்ஸ் ஒரு ஒப்பீட்டை எடுத்துக் காட்டினார். சுவர்ல ஒட்டுற 24 பொருட்கள், ஆறு நாடுகளோட சோதனைகள். ஒரு நாட்டோட வரிசைக்கும் இன்னொரு நாட்டோட வரிசைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரு ஃபீனாலிக் நுரை ஒரு நாட்டுல ரொம்பப் பாதுகாப்பானது, இன்னொரு நாட்டுல ரொம்ப ஆபத்தானது. அதே நுரைக் குடும்பம்தான் இன்னைக்கு டக்ட் பலகையிலயும் இருக்கு.

இப்போ சோதனை எப்படி நடக்குது? ஒன்றரை மீட்டர் உயரத்துல ரெண்டு பலகையை எல் வடிவமா மூலையில நிறுத்தி, அடியில 30 கிலோவாட் புரொபேன் பர்னரை ஏத்துவாங்க. ஒரு குப்பைக்கூடை எரியுற மாதிரின்னு வெச்சுக்கோங்க. வெப்பம் எவ்வளவு வேகமா ஏறுது, புகை எவ்வளவு, சொட்டு விழுதான்னு சுமார் இருபது நிமிஷம் அளப்பாங்க. வேகம் வினாடிக்கு 120 வாட்டுக்குள்ள, முதல் பத்து நிமிஷத்துல மொத்த வெப்பம் 7.5 மெகாஜூலுக்குள்ள நின்னா, இன்னும் ஒரு சின்னச் சுடர் சோதனையும் தாண்டினா, பி.

இங்கதான் ஃபாயில் மறுபடி வருது. கஸ்டம்ஸ்ல 'வெறும் தோல்'னு ஒதுக்கிவெச்ச அதே ஃபாயில், தீச் சோதனையில கதாநாயகன். சூட்டைத் திருப்பி அனுப்புது, நுரைக்கு ஆக்ஸிஜன் போகாம மூடுது. அதே நுரையை ஃபாயில் இல்லாம வெச்சா இதே வகுப்பு கிடைக்கும்னு நம்ப முடியாது.

ஆனா ஏ2-வுக்கு மேல போக ஃபாயிலால உதவ முடியாது. அங்க இன்னொரு சோதனையும் இருக்கு: பொருளைத் தூளாக்கி, ஆக்ஸிஜன் நிரப்பின ஒரு மூடின பாத்திரத்துக்குள்ள எரிச்சு, கிலோவுக்கு எத்தனை மெகாஜூல்னு பார்ப்பாங்க. ஏ2 வேணும்னா முக்கியமான உறுப்பு ஒவ்வொண்ணும் 3-ஐத் தாண்டக் கூடாது. பி.ஐ.ஆர். நுரை இருபதுக்கும் மேல. தூளாக்கிட்டா ஒளிஞ்சுக்க தோல் ஏது? அதனால பிளாஸ்டிக் நுரைப் பலகை எவ்வளவு நல்லதா இருந்தாலும் பி-யைத் தாண்டாது. 'எரியவே எரியாது'ன்னு யாராவது வித்தா, ஒரு கேள்வி கேளுங்க: ஏ-வா, பி-யா?

இன்னொரு குழப்பம் இருக்கு, அதுதான் நிஜமாவே ஆபத்து. பி-எஸ்2,டி0 சொல்றது பலகை தீக்கு எப்படி *எதிர்வினை* பண்ணுதுங்கறதை. தீயை எவ்வளவு நேரம் *தடுத்து நிக்கும்*ங்கறது வேற சோதனை, வேற எழுத்து. ஈ.ஐ. 30, ஈ.ஐ. 60 மாதிரி வரும். ஈ-ன்னா சுடரையும் சூடான வாயுவையும் விடாது, ஐ-ன்னா மறுபக்கம் சூடேற விடாது, எண் நிமிஷக் கணக்கு. பி வகுப்பு பலகையில செஞ்ச டக்ட் ஒரு தீத்தடுப்புச் சுவரைத் துளைச்சுக்கிட்டுப் போனா, அந்தச் சுவரோட ஒரு மணி நேரம் அந்த ஓட்டையில இல்லை. அதுக்காகத்தான் சுவர் தாண்டுற இடத்துல ஃபயர் டேம்பர் வைக்கணும். சூடு சுமார் 72 டிகிரி தொட்டதும் ஒரு சின்ன இணைப்பு உருகி, கதவு டபக்னு மூடும். டேம்பர் வெச்சாலும், அதைச் சுத்தி இருக்கிற இடைவெளியை நுரை அடிச்சு மூடிட்டுப் போனா வெச்சதே வீண்.

ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: 'எங்க ஆபீஸ் இன்டீரியர் வேலை நடக்குது, கான்ட்ராக்டர் டக்ட் பலகைக்கு ஒரு இறக்குமதி பத்திரத்தைக் காட்டி, சர்ட்டிஃபிகேட் இருக்குன்னு சொல்றார். போதுமா?' போதாதுங்க. அது பலகை என்ன பொருள்னு வரிக்காகச் சொல்ற காகிதம். நீங்க கேக்க வேண்டியது தீ வகைப்பாட்டு அறிக்கை. அதுலயும் மூணு விஷயத்தைப் பாருங்க: உங்க சைட்டுக்கு வந்திருக்கிற தடிமனும் அறிக்கையில இருக்கிற தடிமனும் ஒண்ணா, ஃபாயில் மைக்ரான் ஒண்ணா, அறிக்கை பலகையைப் பத்தியதா இல்லை வெறும் நுரையைப் பத்தியதா. 80 மைக்ரான்ல சோதிச்ச அறிக்கையைக் காட்டி அதைவிட மெல்லிய ஃபாயில் போட்ட பலகையை இறக்கினா, அந்த எழுத்து அந்தப் பலகைக்குச் சொந்தமில்லை. ஒரு மைக்ரோமீட்டரும் பத்து நிமிஷமும் இருந்தா அளந்துடலாம், சைட்டுலயே.

அடுத்த எபிசோடுல அதே சீலிங்குக்குள்ள இருக்கிற இன்னொரு ஆளைப் பார்க்கலாம்: கேபிள். பி.வி.சி. உறை எரிஞ்சா என்ன வாயு வரும், 'ஹாலஜன் இல்லாத' கேபிள்னா என்ன, ஏன் விலை அதிகம். கேள்வி இருந்தா அனுப்புங்க.